சித்தப்பா வெட்டிய குட்டை: பண்ணை மானியக் கணக்கு, முதலிலிருந்து

ஓமலூருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் மேட்டாங்காடு. சரிவான செம்மண் பூமி. ஒரு வருஷம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மறு வருஷம் சோளம் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால், பண்ணைக்குட்டை வெட்ட மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனு கொடுத்தார். "அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பார், ஆர்டர் வந்ததும் வெட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரமே பக்கத்துக் காட்டுக்கு ஒரு ஜேசிபி வந்து நின்றது. வண்டி வந்து போகிற வாடகையாவது மிச்சமாகட்டும் என்று, மனிதர் அதைத் தன் காட்டுக்கும் திருப்பிவிட்டார். இரண்டே நாளில் குட்டை தயார்.

பத்து நாள் கழித்து அதிகாரி வந்தார். வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "குட்டை எங்க வெட்டறதுன்னு பாக்க வந்தேன். குட்டை என்னையப் பாக்குதுங்களே!" என்றார். மானியம் போச்சு.

சித்தப்பாவுக்கு இன்றைக்கும் அந்த ஆற்றாமை தீரவில்லை. "வெட்டின குழி கண்ணெதிர்ல இருக்குதல்ல கண்ணு? அளந்து பாத்துக் குடுத்தா என்ன?" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. அரசு எதற்காக இந்தப் பணத்தைத் தருகிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் தரவில்லை என்பதும் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், அதாவது ஓர் அங்குலம், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். சித்தப்பாவின் மூன்று ஏக்கரில் மூன்று லட்சம் லிட்டர். அதில் ஒரு பகுதியை மண் குடிக்கும். மீதி சரிவில் ஓடும், ஓடும்போது மேல்மண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். ஐப்பசி மழையில் அந்தக் காட்டின் கீழ்க்கோடியில் போய் நின்று பாருங்கள். டீ நிறத்தில் தண்ணீர் ஓடையில் இறங்கும். அந்த நிறம் முழுக்க அவர் போட்ட தொழு உரமும் அவருடைய செம்மண்ணும்தான். ஓடை சரபங்கா ஆற்றை நோக்கிப் போகிறது. வழியில் இருக்கிற ஏரியில் அந்த மண் படிகிறது. ஏரியின் கொள்ளளவு குறைகிறது. சித்தப்பாவின் நஷ்டம் சித்தப்பாவோடு நிற்பதில்லை.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவர் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, கீழே ஒரு குட்டையும் வெட்டினால் பலன் யாருக்கு? அவருடைய கிணற்றில் கொஞ்சம் ஊறும். அடுத்த காட்டுக்காரர் கிணற்றிலும் ஊறும். ஏரியில் வண்டல் சேர்வது குறையும், அதற்குக் கீழே பாசனம் செய்கிறவர்களுக்கு லாபம். செலவு மட்டும் முழுக்க சித்தப்பாவுடையது. குட்டைக்கு விட்ட இடத்தில் கிழங்கு போட முடியாதே, அந்த வருமானமும் போகிறது. தன் பலனை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிற எந்த விவசாயியும் இந்த வேலையைத் தள்ளித்தான் போடுவார். அப்படித் தள்ளிப்போகாமல் இருக்க, மற்றவர்களுக்குப் போகிற பலனுக்கான விலையை அவர்கள் சார்பில் அரசு தருகிறது. அதுதான் இந்த மானியம்.

மானியம் என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் குழப்பிவிட்டது என்று நினைக்கிறேன். காதில் விழுந்ததும் இனாம், சலுகை என்றுதான் தோன்றுகிறது. பழைய மானியங்கள் பலவும் அப்படி இல்லை. ஊரில் ஒரு வேலையைத் தொடர்ந்து செய்கிறவருக்கு, அந்த வேலைக்காக விடப்பட்ட நிலம் அது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று வருகிறது. ஏரியைப் பராமரிக்கும் செலவுக்காக ஒதுக்கிய நிலம். கிட்டே வந்தால், ஊரார் கூடி ஏரி குளத்தைச் செப்பனிடுகிற குடிமராமத்து. தமிழ்நாட்டில் 2017இல் அதை மறுபடி தொடங்கியபோது, செலவில் பத்து சதவீதத்தைப் பாசன விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள்.

அமெரிக்காவில் இதற்கு வைத்திருக்கும் பெயரே செலவுப் பங்கீடு என்ற பொருளில்தான். 1930களில் அங்கே நடுச்சமவெளி முழுக்கப் புழுதிப்புயல் அடித்து மேல்மண் பறந்தது. 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1996இல் வந்த ஈக்விப் என்ற திட்டத்தில் விவசாயியும் அரசும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, செலவில் பொதுவாக 75 சதவீதம் வரை, புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் 90 சதவீதம் வரை, அரசு தருகிறது. ஒப்பந்தம் ஆகும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால் பொதுவாக அங்கேயும் பணம் கிடையாது. சித்தப்பா அங்கே பிறந்திருந்தாலும் இதே கதைதான்.

சரி, ஏன் கிடையாது? அரசு தருகிற பணம், நடக்காமல் போயிருக்கக்கூடிய ஒரு வேலையை நடக்க வைப்பதற்கு. குட்டையை நீங்களே வெட்டிவிட்டால், மானியம் இல்லாமலே நடந்திருக்கும் வேலை என்று ஆகிவிடுகிறது. இரண்டாவது காரணம் இன்னும் சாதாரணமானது. வெட்டும் முன் இடத்தைப் பார்க்காவிட்டால், பத்து வருஷத்துக் கல்குழியைக் காட்டி 'இப்போதுதான் வெட்டினேன்' என்று சொல்ல யாராலும் முடியும். அதனால்தான் வேலைக்கு முன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம், இரண்டிலும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை பதிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைச் சித்தப்பாவே பிறகு ஒப்புக்கொண்டார். வேளாண்மைப் பொறியியல் துறை ஆள் வந்து பார்த்திருந்தால் குட்டையைக் காட்டின் தாழ்வான மூலையில் வைக்கச் சொல்லியிருப்பார். சித்தப்பாவோ ஜேசிபி திரும்ப வசதியாக நடுக்காட்டில் வெட்டினார். இருபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். கரைச் சரிவைக் கழிக்காமல் பார்த்தால் ஆறு லட்சம் லிட்டர் பிடிக்க வேண்டும். முதல் மழையில் தண்ணீர் குட்டையை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு பழையபடி ஓடைக்கே போனது.

இப்போது எது எதற்குக் கிடைக்கும் என்று பார்க்கலாம். எல்லாவற்றையும் சொன்னால் கட்டுரை முடியாது. குட்டை, சரிவுக்குக் குறுக்கே சம உயர வரப்பு, தடுப்பணை மாதிரி மண்ணையும் நீரையும் பிடிக்கிற வேலைகள் பெரும்பாலும் வேளாண்மைப் பொறியியல் துறையில். சொட்டு நீர், தெளிப்பு நீர் தோட்டக்கலைத் துறையிலும் வேளாண்மைத் துறையிலும், என்ன பயிர் என்பதைப் பொறுத்து. வரப்பில் நட மரக்கன்று, நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஏரி வண்டலும் இலவசம். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அதற்கு அனுமதி வாங்கலாம். மண்ணுக்குக் காசில்லை, டிராக்டர் வாடகை மட்டும் நம்முடையது. போன வருஷம் சித்தப்பா ஏரியிலிருந்து பன்னிரண்டு டிப்பர் அடித்தார். ஐப்பசியில் ஓடி இறங்கிய தன் மண்ணைத்தான் சித்திரையில் வாடகை கொடுத்துத் திருப்பி ஏற்றிவருகிறார் என்று நான் சொன்னதும், சித்தி சிரித்த சிரிப்பில் அவர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

இவற்றில் அதிகம் பேர் வாங்குவதும் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்வதும் சொட்டு நீர் மானியம். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினாலும் பத்து மணி நேரம் ஓடினாலும் பில் வராது. அப்படியிருக்கும்போது தண்ணீரை மிச்சம் பிடிக்க, செடி வரிசையோடு ஓடுகிற லேட்டரல் டியூப் வாங்கிப் போட யாருக்கு மனசு வரும்? மிச்சமாகிற தண்ணீர் நிலத்தடியில் இருக்கும், அதைப் பக்கத்துப் போர்க்காரரும் இறைப்பார். மிச்சமாகிற மின்சாரம் அரசின் கணக்கில் போய்ச் சேரும். ஆகவே அரசு பணம் போடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சேலம் மாவட்டத்துக்கு அடியில் இருப்பதெல்லாம் கடினப்பாறை. பல குறுவட்டங்களில் ஊறுவதைவிட இறைப்பது அதிகம்.

மத்திய அரசு 2015இல் பிரதம மந்திரி விவசாய நீர்ப்பாசனத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிரிவாக வந்த 'துளி நீரில் அதிக பயிர்' திட்டத்தின் விதிப்படி சிறு, குறு விவசாயிகளுக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45 சதவீதம். தமிழ்நாடு அரசு தன் பணத்தையும் சேர்த்து, சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று ஆக்கியிருக்கிறது. இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. அதற்கு மேல் இருப்பவர்களுக்கும் ஐந்து ஹெக்டேருக்கு, அதாவது பன்னிரண்டரை ஏக்கருக்கு, மேல் மானியம் நீளாது.

நூறு சதவீதம் என்றதும் கையிலிருந்து ஒரு பைசா இறங்காது என்று நினைத்துக்கொள்வதுதான் தொடக்கத் தவறு. நூறு சதவீதம் எதில்? அரசு நிர்ணயித்த அலகு விலையில். பயிரின் இடைவெளியைப் பொறுத்து ஓர் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு விலை வைத்திருக்கிறார்கள். மாவுக்கும் தென்னைக்கும் டியூப் குறைவு, மஞ்சளுக்கும் குச்சிக்கிழங்குக்கும் நெருக்கமாக ஓட்ட வேண்டும், அதிகம். ஒரு பேச்சுக்கு உங்கள் நிலத்துக்கு அலகு விலை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு தள்ளி இருக்கிறது, காடு கோணலாக இருக்கிறது, தடித்த டியூப்தான் வேண்டும் என்றெல்லாம் சேர்ந்து உண்மையில் ஆகிற செலவு 1,15,000. சிறு விவசாயி என்றால் ஒரு லட்சம் அரசுடையது, 15,000 உங்களுடையது. பெரிய விவசாயி என்றால் அரசு தருவது 75,000. உங்கள் கையிலிருந்து 40,000. அதாவது காகிதத்தில் 75 சதவீதம், உண்மைச் செலவில் பார்த்தால் 65 சதவீதம். எந்த மானியத்தைக் கேள்விப்பட்டாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: சதவீதம் எதன்மேல்?

இரண்டாவது கேள்வி: பணம் யார் கைக்கு, எப்போது? பின்னேற்பு மானியம் என்று எழுதியிருந்தால், முதலில் முழுச் செலவையும் நீங்கள் போட வேண்டும், வேலை முடிந்து அதிகாரி பார்த்த பிறகு பணம் வங்கிக் கணக்கில் வரும். இது தெரியாமல் கந்துவட்டிக்கு வாங்கி வேலையை முடித்துவிட்டு, மானியம் வருவதற்குள் வட்டியிலேயே அந்த அளவு கரைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொட்டு நீரில் இந்தச் சிக்கல் குறைவு. மிமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்து, அரசு பட்டியலில் இருக்கிற கம்பெனிகளில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர்கள் காட்டை அளந்து வரைபடமும் மதிப்பீடும் போடுவார்கள். துறை பணி ஆணை கொடுத்த பிறகு பொருத்துவார்கள். ஓட்டிக் காட்டி, ஆய்வு முடிந்தபின் மானியம் நேராகக் கம்பெனிக்குப் போகிறது. நீங்கள் உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும். ஆனால் ஓட்டிக் காட்டும் நாளில் கடைசி வரிசையின் கடைசி டிரிப்பர் வரை நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வரிசையில் எல்லா டிரிப்பரும் நன்றாகத்தான் சொட்டும்.

காகிதங்களைப் பற்றி ஒரு பத்தி. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ, வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று. சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். விவசாயி அடையாள எண்ணும் இப்போது பல திட்டங்களுக்குக் கேட்கிறார்கள். சொட்டு நீருக்கு மண், தண்ணீர் பரிசோதனை முடிவும் வேண்டும். இதைச் சும்மா சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். டிரிப்பரின் வாயில் வெள்ளையாகப் படிந்து ஒரே வருஷத்தில் அடைத்துவிடும். என்ன வடிகட்டி வைப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆசிட் விட்டுக் கழுவுவது என்பதெல்லாம் அந்தத் தண்ணீர்ப் பரிசோதனையை வைத்துத்தான்.

பெரும்பாலான மனுக்கள் இந்தக் காகிதங்களில் ஒன்றில்தான் நிற்கின்றன: பட்டா. தாத்தா பெயரில் பட்டா, பங்காளிகள் நாலு பேர் வாய்ப்பேச்சில் பிரித்து உழுகிறார்கள். அல்லது கூட்டுப் பட்டா, ஒருவர் பெங்களூரில், ஒருவர் திருப்பூரில். அனுபவம் உங்களுடையது என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மானியத்துக்கு ஓடுவதற்கு முன் பட்டாவை உட்பிரிவு செய்து வாங்குங்கள். அதற்கு ஒரு வருஷம் ஆனாலும் சரி, அடுத்து வரும் எல்லாத் திட்டத்துக்கும் அது ஒன்றுதான் சாவி.

மலைமேல் போனால் இந்தப் பட்டா விஷயம் இன்னும் கனக்கிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருக்கிற மலையாளி பழங்குடியினர் பலரிடம் தலைமுறை தலைமுறையாக உழுகிற நிலம் இருக்கிறது, தனிப்பட்டா எல்லாரிடமும் இல்லை. ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்குத் தோட்டக்கலை, பொறியியல் துறைத் திட்டங்கள் சிலவற்றில் தமிழ்நாடு அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. காகிதம் இல்லாதவருக்கு அந்த இருபதும் இல்லை, அடிப்படை மானியமும் இல்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவரிடமே காகிதம் குறைவாக இருக்கிறது. இந்தத் திட்டங்களிலேயே எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

மலையில் இன்னொரு வேடிக்கை. காபித் தோட்டம் வைத்திருந்தால் நீங்கள் போக வேண்டிய வாசல் வேறு. காபி வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஏற்காட்டிலேயே அதற்கு அலுவலகம் உண்டு. மறுநடவு, தண்ணீர்த் தொட்டி மாதிரியான வேலைகளுக்கு அவர்கள் உதவி செய்வார்கள், திட்ட காலத்துக்குத் திட்ட காலம் விதி மாறும். அவர்கள் கணக்கில் சிறு விவசாயி என்றால் பத்து ஹெக்டேர் வரை. கீழே ஐந்து ஏக்கரோடு 'சிறு' முடிந்துவிடுகிறது, மேலே கிட்டத்தட்ட இருபத்தைந்து ஏக்கர்க்காரரும் சிறியவர்தான். ஆகவே "நான் சிறு விவசாயியா?" என்று பொதுவாகக் கேட்காமல், இந்தத் திட்டத்தில் நான் யார் என்று கேளுங்கள்.

மலைச்சரிவில் மண்ணைப் பிடிக்கும் வேலை ஒன்றும் புதிதில்லை. ஏற்காட்டுப் பக்கம் பழைய தோட்டங்களில் இடுப்பளவு கல்கட்டு இன்றைக்கும் நிற்கிறது, சிமெண்டு ஒரு சட்டிகூடப் போடாமல். காபிச் செடி வரிசைகளுக்கு நடுவே மண்வெட்டியால் நீள்குழி வெட்டி வைப்பார்கள். மழைநீர் அதில் நிற்கும், உதிர்ந்த சில்வர் ஓக் இலையும் வந்து சேரும். வருஷா வருஷம் அந்தக் குழியை வாரி, மட்கியதைச் செடியடியில் போட வேண்டும். இதற்கெல்லாம் மானியம் தேடுவதைவிட இரண்டு ஆள் கூலிக்கு முடித்துக்கொள்வதே மேல் என்பது என் அபிப்பிராயம். அலைச்சலுக்கும் பஸ் காசுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆகிற செலவு சின்ன வேலைகளில் மானியத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. மானியம் வாங்கிவிட்டால் அந்த வேலைப்பாட்டை நீங்கள் காப்பாற்ற வேண்டும். சொட்டு நீரில் ஒருமுறை வாங்கிய நிலத்துக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். இடையில் எலி கடித்தாலும், மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி டியூபைக் கிழித்தாலும் செலவு உங்களுடையது. உழவு ஓட்டும்போது டியூபைச் சுருட்டி வைக்க ஒரு ஆள் கூலியும் இருக்கிறது. இதையெல்லாம் ஏழு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யுங்கள். மூன்று ஏக்கர் குச்சிக்கிழங்குக்குக் கட்டுப்படியாகும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் பயிருக்கு எப்படி என்று சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, மரவள்ளி என்றால் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டால் சொல்வார்கள். திட்டங்களின் இப்போதைய விதியை உழவன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம், ஆனாலும் ஒருமுறை வட்டார அலுவலகத்துக்கு நேரில் போய் வாருங்கள். நிதியாண்டின் முடிவில் போனால் ஒதுக்கீடு தீர்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதமே பதிந்துவிடுவது நல்லது.

பிறகு சித்தப்பாவின் குட்டைக்கு ஒரு வாய்க்கால் வெட்டினோம், மேல்வரப்பிலிருந்து குட்டை வாய் வரைக்கும், மண்வெட்டியால். போன ஐப்பசியில் முக்கால் குட்டை நிறைந்தது. இந்த வருஷம் சொட்டு நீருக்கு மனு போட்டிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் அளந்துவிட்டுப் போய்விட்டார்கள், பணி ஆணை இன்னும் வரவில்லை. தெரிந்த பிளம்பர் ஒருவர் போன வாரம் வந்து, "மெயின் பைப்புக்குக் காவாய மட்டுமாவது இப்பவே எடுத்துப் போட்டரலாமுங்களே, மண்ணு ஈரமா இருக்குது" என்றார். சித்தப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார்.